அணையில் விட்டு வைக்கும் இடம்

வெள்ளவத்தை

அன்புள்ள பெறாமகளுக்கு,

"மேலே அணைக் கதவைத் திறந்துவிட்டார்கள், அதனால்தான் கீழே வெள்ளம்" என்று கொட்டாஞ்சேனையில் உங்கள் ஒழுங்கையில் எல்லோரும் சொல்கிறார்களே, உண்மையா என்று கேட்டிருந்தாய். அதில் பாதி உண்மை. மற்றப் பாதியை நீ விளங்கிக்கொள்ள வேண்டும் என்பதற்காக ஆறுதலாக எழுதுகிறேன்.

களனி கங்கை மத்திய மாகாணத்தில், சிவனொளிபாதமலைப் பக்கத்தில் பிறக்கிறது. கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலியா ஓயாவும் கித்துல்கலவுக்கு மேலே ஒன்றுசேர்கின்றன. அங்கிருந்து ஆறு சப்ரகமுவவைக் கடந்து, அவிசாவளை, ஹங்வெல்ல, கடுவெல வழியே மேல் மாகாணத்துக்குள் வந்து, உங்கள் வீட்டுக்கு வடக்கே கடலில் விழுகிறது. நீ குடிக்கும் குழாய்த் தண்ணீரில் பெரும்பங்கை அம்பத்தலையில் இதே ஆற்றிலிருந்துதான் எடுக்கிறார்கள்.

கெஹெல்கமு ஓயாவை மறித்து 1965 இல் காசல்ரீ நீர்த்தேக்கமும், மஸ்கெலியா ஓயாவை மறித்து 1969 இல் மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கமும் எழுந்தன. பழைய மஸ்கெலியா நகரம் மவுஸ்ஸாகலைக்குள் மூழ்கியது. கடும் வரட்சியில் நீர்மட்டம் இறங்கும்போது பழைய கோயில், விகாரை, பள்ளிவாசலின் எச்சங்கள் இன்றும் தலைகாட்டும். இந்த இரு நீர்த்தேக்கங்களையும் கட்டியது மின்சாரத்துக்காக. சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. மின்சாரம் எடுப்பவருக்கு அணை நிரம்பியிருக்க வேண்டும். வெள்ளத்தைத் தடுக்க நினைப்பவருக்கு அணையில் இடம் காலியாக இருக்க வேண்டும். நிரம்பிய அணையால் வெள்ளத்தைப் பிடித்துவைக்க முடியாது.

நீ கணிதம் படிப்பவள், கணக்காகவே பார். மவுஸ்ஸாகலையின் கொள்ளளவு சுமார் 12 கோடி கனமீற்றர். அதில் பத்தில் ஒரு பங்கு காலியாக இருந்தால் 1 கோடி 20 இலட்சம் கனமீற்றர் இடம். மலையிலிருந்து வினாடிக்கு 200 கனமீற்றர் வந்தாலும் அந்த இடம் நிரம்ப 60,000 வினாடி, ஏறத்தாழ 17 மணித்தியாலம் எடுக்கும். அந்த 17 மணித்தியாலமும் மலையிலிருந்து வரும் தண்ணீரில் ஒரு சொட்டுக்கூடக் கதவு வழியாக இறங்காமல் வைத்திருக்கலாம். கீழே கொலன்னாவையில் ஒரு குடும்பம் வயோதிபர்களையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வெளியேற அது போதும். ஆனால் அந்த இடத்தை மழைக்கு முன்னரே உண்டாக்க வேண்டும். மழை பொய்த்துவிட்டால் விட்ட தண்ணீர் விட்டதுதான், களனிதிஸ்ஸ அனல்மின் நிலையத்தில் எண்ணெய் எரித்து அந்த இழப்பை ஈடுகட்ட வேண்டிவரும். அதனால்தான் முடிவெடுப்பவர்கள் தயங்குகிறார்கள்.

வானொலியில் அடிக்கடி கேட்கும் "வான்கதவு திறப்பு" பெரும்பாலும் நோர்ட்டன், கென்யன், லக்சபான போன்ற சிறிய நீர்த்தேக்கங்களைப் பற்றியது. அவை சீக்கிரம் நிரம்பிவிடும், வருவதை அப்படியே அனுப்புவதைத் தவிர அவற்றுக்கு வழியில்லை. ஆகவே கதவு திறந்த செய்தி கேட்டால் நீ கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: உள்ளே வந்தது எவ்வளவு, வெளியே விட்டது எவ்வளவு? வந்ததைவிடக் கூட விட்டிருந்தால் அணை வெள்ளத்தைக் கூட்டியிருக்கிறது. குறைய விட்டிருந்தால் தணித்திருக்கிறது.

இன்னொன்றையும் மறக்காதே. சீதாவக்கை கங்கையும் குருகொட ஓயாவும் அந்தப் பெரிய அணைகளுக்குக் கீழேதான் களனியோடு சேர்கின்றன. அந்தப் பக்கம், தெரணியகலையில் கொட்டும் மழையைக் காசல்ரீ பிடிக்காது.

மேலே தேக்குவதா, கீழே காப்பதா என்ற இந்தச் சிக்கல் நமக்கு மாகாண எல்லை கடந்த சங்கதி. இந்தியாவில் மாநில வழக்கு. முல்லைப் பெரியாறு அணை கேரள மண்ணில் நிற்கிறது, இயக்குவது தமிழ்நாடு. 2014 இல் உச்ச நீதிமன்றம் 142 அடிவரை தேக்க அனுமதித்தது. 2018 ஆகஸ்டில் கேரளத்தின் பெரிய அணைகள் ஏறத்தாழ நிரம்பியிருந்த வேளையில் பெருமழை கொட்டியது. அதையடுத்து, மாத இறுதிவரை 139.99 அடிக்கு மேல் தேக்க வேண்டாம் என்று அதே நீதிமன்றம் சொன்னது. இரண்டு அடி இடத்துக்கு நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

எந்த மாதத்தில் எந்த மட்டத்துக்கு மேல் தேக்கக்கூடாது என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் ஒழுங்குக்கு 'ரூல் கர்வ்' என்று பெயர். அப்படி ஒன்று இருந்தால் பதற்றத்தில் யாரும் தனியே முடிவெடுக்க வேண்டியதில்லை. வளிமண்டலவியல் திணைக்களத்தின் எதிர்வுகூறலும், நீர்ப்பாசனத் திணைக்களத்தின் ஆற்று மட்டமும், மின்சாரத் துறையின் அணைக் கணக்கும் ஒரே மேசைக்கு ஒரே நேரத்தில் வர வேண்டும். மேட்டில் இடம் விட்டால் மட்டும் போதாது. கொலன்னாவைச் சதுப்பையும் முத்துராஜவெலவையும் மண் போட்டு நிரப்பினால் பள்ளத்தில் தண்ணீர் தங்கவும் இடமிராது. கொழும்பு 2018 இல் ராம்சார் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் பெற்றது கொலன்னாவை போன்ற சதுப்புகளால்தான்.

கிராண்ட்பாஸில் நாகலகம் வீதியில் ஆற்றின் அளவுகோல் இருக்கிறது. அங்கே 5 அடி என்றால் சிறு வெள்ளம், 7 அடி என்றால் பெரு வெள்ளம். மழைக்காலத்தில் அந்த மட்டத்தையும் காசல்ரீ, மவுஸ்ஸாகலை நீர்மட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் குறித்து வை. அடுத்த முறை ஒழுங்கையில் யாராவது அணையைக் குறை சொன்னால் அந்தக் கணக்கைக் காட்டிப் பேசு. அணையில் தவறு நடந்திருந்தால் அதே கணக்கோடு அதிகாரிகளிடமும் கேள். கேட்க உனக்கு உரிமை இருக்கிறது.

அன்புடன்,
சித்தப்பா