உண்ட கலம் துலக்கல்



இம்முறை நாம் பாடமாக எடுத்துக்கொள்வது பெருந்தத்துவம் அன்று. நாள்தோறும் நம் வீடுகளில் நடைபெறும் ஒரு சிறு செயல். உண்ட பாத்திரத்தைத் துலக்குதல். இதற்கும் ஒரு பாடம் வேண்டுமோ எனச் சிலர் வினவக்கூடும். தம்மம் என்பது விகாரையில் அமர்ந்து கேட்பது மட்டுமாயின் இது பாடமாகாது. தம்மம் வீட்டிலும் ஒழுகப்படுவதாயின் இதுவும் பாடமே.

தாராவியிலும், மாட்டுங்கா லேபர் கேம்பிலும், செம்பூரிலும் சிற்றறைகளில் வாழும் நம்மவர்க்கு மோரியைப் பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை. அறையின் மூலையில் ஒரு தாழ்ந்த கட்டு, அதனுள் நீர் வெளியேற ஒரு துளை. குளிப்பதும் அங்கே; துணி துவைப்பதும் அங்கே; பாத்திரம் துலக்குவதும் அங்கே. குழாயில் நீர் வருவதும் குறித்த சில நேரமே. ஆதலின் நம் இல்லங்களில் ஒரு செம்பு நீருக்கும் மதிப்புண்டு. அதனைச் செலவிடும் முறைக்கும் பொருளுண்டு.

பல கைகள், பல வழக்கங்கள்

பாத்திரம் துலக்குவதில் ஒவ்வொருவர்க்கும் ஒரு தனி வழக்கம் உண்டு. சமைக்கும்போதே உடனுக்குடன் கழுவிக் கவிழ்ப்பவர் ஒருவர். எல்லாவற்றையும் மலைபோற் குவித்துவிட்டு, நீர் வந்தபின் ஒரே மூச்சில் முடிப்பவர் மற்றொருவர். மும்முறை அலசினாலன்றி மனம் அமையாதார் உளர். பிறர் துலக்கி வைத்ததை எடுத்து முகர்ந்து பார்த்து, ஒன்றும் சொல்லாமல் மீண்டும் துலக்குவாரும் உளர். அந்தச் சொல்லா மொழியால் மூண்ட சண்டைகளை நாம் அறிவோம்.

இவ்வழக்கங்களுட் பலவற்றிற்குத் தக்க காரணம் உண்டு. நம் பாட்டிமார் விறகுச் சாம்பலும் தேங்காய் நாரும் கொண்டு துலக்கினர். சாம்பலில் உள்ள காரம் எண்ணெய்ப் பிசுக்கின் ஒரு பகுதியைச் சவர்க்காரமாக மாற்றி நீரோடு போக்கும். பித்தளைக்கும் செம்புக்கும் புளி இட்டனர். புளியின் அமிலம் கறுத்த படலத்தைக் கரைக்கும். ஆனால் அலுமினியத்திற்குச் சாம்பலும் ஆகாது, புளியும் ஆகாது. இரண்டும் அவ்வுலோகத்தை அரிக்கும். இன்று பெரும்பாலும் எவர்சில்வர் தட்டும், சோப்புக் கட்டியும் வந்துவிட்டன. எனினும் வரிசை மாறவில்லை. தம்ளர்கள் முதலில், பின்னர்த் தட்டுகள், பிசுக்கேறிய சட்டிகள் இறுதியில். அவ்வாறு செய்தால் ஒரே வாளி நீர் நெடுநேரம் தெளிவாக நிற்கும். பால் பாத்திரத்தை முதலில் குளிர்ந்த நீரால் அலச வேண்டும். வெந்நீர் பட்டாற் பால் இறுகி ஒட்டிக்கொள்ளும். கடைசி அலசலில் மிஞ்சிய நீரை அடுத்த வேளையின் முதற் கழுவலுக்கு வைத்துக்கொள்ளும் தாய்மார்கள் சிக்கனத்தை எந்நூலிலும் படித்தவரல்லர்.

இக்குவியலுக்கு நம் பெண்மணிகள் இட்ட பெயர் ‘பத்துப் பாத்திரம்’ என்பது. பத்து என்பது ஈண்டு எண்ணன்று. சோற்றுப் பற்று ஒட்டிய பாத்திரமாகிய பற்றுப் பாத்திரமே அவ்வாறு மருவிற்று. அடியிற் பிடித்து உலர்ந்த பற்றைச் சுரண்டினால் பாத்திரமும் கெடும், கையும் நோகும். சிறிது நீரூற்றி வைத்தால் அது தானே விட்டுப்போகும். மனத்தில் ஒட்டிய பற்றும் அத்தன்மையதே. வன்மையாற் சுரண்டிப் போக்கலாகாது. பொறுமையால் ஊறவைத்துக் கழற்ற வேண்டும். ஆனால் ஊறவைத்ததை மறந்து இரவெல்லாம் விட்டுவிட்டால் அந்த நீரே நாறும் என்பதையும் நாம் மறத்தலாகாது.

வினயம் கூறும் கலவொழுக்கம்

பிக்குகளின் உடைமை மிகச் சில. அவற்றுள் ஒன்று பிச்சைப் பாத்திரம். அதனைப் பேணும் முறையை வினய நூல் நுணுக்கமாக வகுத்துள்ளது. சுல்லவக்கம் கூறும் நிகழ்ச்சியைக் காண்மின். பிக்குகள் சிலர் நீரோடு பாத்திரத்தை எடுத்து வைத்தனர், அது கெட்டது. வெயிலிற் காயவைக்கப் பணித்தார் பகவான். நீரை வடிக்காமலே காயவைத்தனர், அது நாற்றமெடுத்தது. நீரை வடித்துக் காயவைக்க வேண்டுமென விதித்தார். வெயிலிலேயே விட்டுவிட்டனர், நிறம் மங்கிற்று. பின்னர், நீரை வடித்துச் சற்றுநேரம் மட்டும் வெயில் காட்டி எடுத்து வைக்க வேண்டும் என்பது விதியாயிற்று. தவறு நேர நேர விதி திருந்திய வரலாறு இது. ஈரமான தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் நுண்கிருமிகள் பெருகும் என இன்றைய சுகாதார நூல் கூறுவதும் இதனோடு ஒத்ததே.

சேகிய விதிகள் 75. அவற்றுள் ஒன்று, சோற்றுப் பருக்கைகள் கலந்த பாத்திரம் கழுவிய நீரை மக்கள் வாழும் இடத்திற் கொட்டலாகாது என்பது. நம் சந்துகளை எண்ணிப் பாருங்கள். ஒரு வீட்டு மோரியில் விழும் சோறு அடுத்த வீட்டு வாயிற் சாக்கடையில் அடைத்துக்கொள்ளும். எலியும் கரப்பும் அங்கே கூடும். பருக்கைகளை முதலில் திரட்டித் தனியே எடுத்துவிட்டுக் கழுவுதல் அண்டை வீட்டார்க்குச் செய்யும் மைத்திரியாகும்.

நம் நகரத்தின் வடபால், போரிவிலிக்கு அருகே உள்ள கன்னேரிக் குன்றைக் கண்டோர் பலர் நம்மிடையே உளர். அங்குப் பாறையிற் குடைந்த குகைகள் நூற்றுக்கு மேற்பட்டவை. அவற்றின் அருகே மழைநீர் சேர்க்கும் தொட்டிகளையும் பாறையிலேயே குடைந்துள்ளனர். அத்தொட்டிகளைத் தானமாக அளித்தோரின் கல்வெட்டுகளும் அங்கு உள்ளன. தியானத்திற்குக் குகை அமைத்தோர் பருகவும் கழுவவும் நீருக்கு வழி செய்ய மறந்தாரல்லர்.

வெண்கலக் கிண்ணம்

மச்சிம நிகாயத்தின் 5ஆம் சுத்தமாகிய அனங்கண சுத்தத்தில் சாரிபுத்த தேரர் ஓர் உவமை கூறுகின்றார். மாசு படிந்த வெண்கலக் கிண்ணம் ஒன்றைக் கடையிலிருந்து கொணர்ந்தவர், அதைப் பயன்படுத்தாமலும் துலக்காமலும் புழுதியிற் போட்டு வைத்தால் அது மேலும் மாசேறும். எடுத்துப் பயன்படுத்தித் துலக்கி வந்தால் தூய்மை பெறும். தூய கிண்ணமும் அவ்வாறே; கவனியாது விட்டால் மாசு படியும், பேணினால் மேலும் விளங்கும். தன்னிடம் மாசுண்டு என்பதை அறிந்தவன், அறியாதவன், மாசின்மையை அறிந்தவன், அறியாதவன் என நால்வரை இவ்வுவமையால் அவர் விளக்கினார்.

இதில் நாம் கொள்ள வேண்டியது யாதெனில், கிண்ணம் எந்தக் கடையிலிருந்து வந்தது என்பது கேள்வியன்று. வந்தபின் அதை யார் துலக்குகின்றனர் என்பதே கேள்வி. 1956 அக்டோபர் 14இல் நாகபுரியில் பாபாசாகேப் அம்பேத்கர் தம்மத்தை ஏற்றபோது பெருந்திரளான மக்கள் அவருடன் ஏற்றனர். ஏற்றல் ஒருநாட் செயல். துலக்கல் நாள்தோறும் செயல். பழைய மாசு ஒன்று நம் இல்லங்களில் இன்னும் ஒட்டியிருக்கின்றதா என்பதை இனிக் காண்போம்.

துலக்குவது யார்?

திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தாராவியின் தோற்பதனிடும் சாலைகளில் உழைத்த நம் முன்னோர், ஊரில் விட்டுவந்தவற்றுள் இரட்டைக் குவளை முறையும் ஒன்று. தேநீர்க் கடையில் பிறர்க்கு ஒரு தம்ளர். நம்மவர்க்கு வேறொரு தம்ளர். சில இடங்களில் தம்ளரும் இல்லை, சிரட்டைதான். பிறர் பருகிய தம்ளரைக் கடைக்காரர் கழுவுவார். நம்மவர் மட்டும் தாம் பருகியதைத் தாமே கழுவி வைத்துவிட்டுப் போக வேண்டும். 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955இல் அதற்குத் தண்டனைச் சட்டமும் வந்தது. அதன் பின்னரும் அவ்வழக்கம் பல ஊர்களில் நெடுங்காலம் நீடித்தது.

பம்பாய்க்கு வந்தபின் அஃது வேறு உருக்கொண்டது. தாராவியிலிருந்து நம் சகோதரிகள் பலர் விடியற்காலையிற் புறப்பட்டு மாட்டுங்காவிலும் பிற இடங்களிலும் உள்ள அடுக்குமாடி வீடுகளிற் பாத்திரம் துலக்கி வருகின்றனர். அவ்வீட்டுத் தம்ளர்கள் அனைத்தையும் துலக்குவது அவர் கை. ஆனால் அவருக்குத் தேநீர் தரப்படும் தம்ளர் சில வீடுகளில் தனியே வைக்கப்பட்டிருக்கின்றது. அவர் கை பட்டால் எல்லாப் பாத்திரமும் தூய்மையாகின்றது. அவர் வாய் பட்டால் ஒரு பாத்திரம் தீட்டாகின்றது. இதனினும் அறிவுக்கு ஒவ்வாத வழக்கு உண்டோ?

இப்போது ஓர் ஐயம் எழலாம். பிக்குவும் தம் பாத்திரத்தைத் தாமே கழுவுகின்றார். தேநீர்க் கடையில் நம்மவரும் தம் தம்ளரைத் தாமே கழுவினார். முன்னது ஒழுக்கம் எனவும் பின்னது இழிவு எனவும் எவ்வாறு கூறுவது? கழுவுதலில் வேறுபாடு இல்லை. சங்கத்தில் யாவரும் கழுவினர். கடையில் ஒருவரைப் பிரித்துக் கழுவ வைத்தனர். யாவரும் கழுவுமிடத்தில் இழிவு இல்லை. சிலர் கழுவவே பிறந்தோர், சிலர் கழுவாமல் எழவே பிறந்தோர் என வகுக்குமிடத்தில்தான் இழிவு பிறக்கின்றது.

இவ்வளவு கோலால் நம் வீட்டையும் அளந்து பார்ப்போம். சமத்துவம் பற்றிய சொற்பொழிவைக் கேட்டுவிட்டு வீடு திரும்புகின்றோம். உண்கின்றோம். தட்டிலேயே கை கழுவிவிட்டு எழுகின்றோம். அந்தத் தட்டு தானே நடந்து மோரிக்குச் செல்வதில்லை. மனைவியோ, மகளோ, முதுகு வளைந்த தாயோ அதை எடுக்கின்றார். நான்கு வீடுகளிற் பாத்திரம் துலக்கிவிட்டு வந்தவரே ஐந்தாவதாக நம் பாத்திரத்தையும் துலக்குகின்றார். கூட்டு உணவு நாட்களிலும் அவ்வாறே. ஆடவர் அமர்ந்து தம்மத்தைப் பற்றி உரையாடுவர். மகளிர் குழாயடியில் அண்டாக்களோடு குனிந்திருப்பர். பிறப்பினால் ஒருவர் கழுவ வேண்டியவர் என்பதை ஊரில் மறுத்த நாம், பிறப்பினால் ஒருத்தி கழுவ வேண்டியவள் என்பதை வீட்டில் ஏற்பது பொருந்துமா?

உழைத்துக் களைத்து வருகின்றோமே என்பார் உளர். களைப்பு மெய்தான். ஆனால் களைப்புக்கு ஆண் பெண் என்ற பேதம் இல்லை. எம் தாய் பிறர் வீட்டுப் பாத்திரம் துலக்கிப் பட்ட துன்பம் போதாதா, நானும் துலக்க வேண்டுமா என்பாரும் உளர். அத்தாயின் துன்பத்தை மதிப்பவர் செய்யத்தக்கது, அவர் கையிலிருந்து ஒரு தட்டையேனும் வாங்கிக்கொள்வதே.

ஆசானும் மாணாக்கனும்

மகாவக்கம் மாணாக்கப் பிக்குவின் கடமைகளைக் கூறுமிடத்து, ஆசான் கஞ்சி பருகியபின் அவர்க்கு நீர் தந்து, கலத்தை வாங்கி, தாழப் பிடித்து, உராயாமல் நன்கு கழுவி எடுத்து வைக்க வேண்டும் என்கின்றது. இவ்வளவில் நின்றிருந்தால் சிறியவர் பெரியவர்க்குச் செய்யும் ஏவல் என்றே கொள்ளலாம். ஆனால் அடுத்து ஆசானின் கடமைகள் வருகின்றன. மாணாக்கன் நோயுற்றால், ஆசான் அவனுக்குக் கஞ்சி கொடுத்து, நீர் தந்து, கலத்தை வாங்கி, தாழப் பிடித்து, உராயாமல் நன்கு கழுவி எடுத்து வைக்க வேண்டும். அதே செயல், அதே முறை, அதே பணிவு. கை மட்டும் மாறியது. தேவை எப்பக்கம் உளதோ அப்பக்கம் பணி செல்ல வேண்டும் என்பதே அதன் கருத்து.

அனுருத்தர் சாக்கியர் குலத்தில் மிக்க செல்வத்தில் வளர்ந்தவர். அவரும் பிற சாக்கிய இளைஞரும் துறவு பூண வந்தபோது, தம் செருக்கு அடங்கும்பொருட்டு நாவிதராகிய உபாலிக்கு முதலில் துறவளிக்குமாறு பகவானை வேண்டி, பின்னர் அவரை வணங்கினர். அந்த அனுருத்தர், நந்தியர், கிம்பிலர் ஆகிய மூவரும் வனத்தில் ஒன்றாக வாழ்ந்த முறையை நூல்கள் புகழ்கின்றன. பிச்சையேற்று முதலில் திரும்பியவர் இருக்கையிட்டு நீர் வைப்பார். இறுதியில் திரும்பியவர் எச்சிற் கலத்தைக் கழுவி வைத்து, உண்ட இடத்தைப் பெருக்குவார். நீர்க்குடம் வெறுமையாயிருப்பதை யார் காண்கின்றாரோ அவரே நிரப்புவார். தனித்துத் தூக்க இயலாதாயின் கையசைத்து மற்றொருவரை அழைக்க, இருவரும் சேர்ந்து தூக்குவர். ஏவுவாரும் இல்லை, முறையிடுவாரும் இல்லை. யார் முறை என்று எண்ணாமல், யார் கண்டார் என்று மட்டும் எண்ணினர்.

நாம் பெரிய விரதம் எதையும் இங்கு வேண்டவில்லை. நாளை முதல் உண்டு எழும் ஒவ்வொருவரும் தம் தட்டை எடுத்துச் சென்று தாமே துலக்கிக் கவிழ்ப்பாராக. சட்டியும் குண்டானும் ஆண் பெண் இருபாலார்க்கும் முறைவைத்துப் பகிரப்படுக. கூட்டு உணவு முடிந்தபின் முதலில் குழாயடிக்குச் செல்பவர் அன்று உரை நிகழ்த்தியவராக இருப்பாராக. ஆண் குழந்தைக்குத் தட்டு எடுக்கக் கற்பிக்கும் தாய் ஐயம் கொள்ளற்க; அவனுக்கு அவர் தம்மத்தையே கற்பிக்கின்றார்.

கூடிப் பயில்வதற்கு வினாக்கள்

1. நீரோடு எடுத்து வைத்த பாத்திரம் பற்றிய விதி எவ்வாறு படிப்படியாகத் திருந்தியது? தவறியவர்களைக் கடிவதற்கும் விதியைத் திருத்துவதற்கும் உள்ள வேறுபாடு யாது?

2. தேநீர்க் கடையில் தம்ளர் கழுவுவதும் விகாரையிற் பாத்திரம் கழுவுவதும் எங்கே ஒக்கின்றன? எங்கே வேறுபடுகின்றன?

3. நேற்றிரவு நம் வீட்டில் உண்டவர் எத்தனை பேர்? துலக்கியவர் எத்தனை பேர்?

மூன்றாம் வினாவிற்கு நூலில் விடை தேட வேண்டா. மோரிக்கருகில் நின்றவரைக் கேட்டால் அவர் கூறுவார்.

சாது! சாது! சாது!