மணிலாவில் பொக்கு விழுவது ஏன்?

மணிலாச் செடி தரை தெரியாமல் மூடி, கரும்பச்சையாகச் செழித்து நிற்கும். வரப்பில் போகிறவர்கள் எல்லாம் "இந்த வருஷம் உங்களுக்கு நல்ல காய்ப்புதான்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அறுவடையன்று செடியைப் பிடுங்கினால் காயும் எண்ணிக்கையில் குறைவில்லாமல் தொங்கும். ஆனால் காயை இரு விரலால் அழுத்தினால் 'டப்'பென்று உடையும். உள்ளே ஒன்றும் இராது. அல்லது இரண்டு பருப்பு இருக்க வேண்டிய காயில் ஒன்று மட்டும், அதுவும் தோல் சுருங்கி இருக்கும். இதைத்தான் பொக்கு என்கிறோம். மூட்டை பார்வைக்குப் பெரிதாக இருக்கும், நிறை நிற்காது. வியாபாரி ஒரு கை அள்ளி உடைத்துப் பார்த்துவிட்டு விலையைக் குறைப்பார்.

"உரத்தில் நான் குறை வைக்கவில்லையே, தண்ணீரும் விட்டேனே" என்று விவசாயி அங்கலாய்ப்பதில் நியாயம் இருக்கிறது. உரமும் தண்ணீரும் செடிக்குக் கிடைத்தன. காய்க்குத்தான் ஒரு சத்து கிடைக்கவில்லை. செடிக்குக் கிடைத்தது காய்க்குக் கிடைக்காமல் போகுமா என்று கேட்கலாம். மணிலாவில் போகும். அது எப்படி என்று தெரிந்து கொள்ள, செடி மண்ணிலிருந்து நீரையும் சத்துக்களையும் எடுத்து எந்த வழியாக எங்கே அனுப்புகிறது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

வேரும் இலையும்

நீரை உறிஞ்சுவது தடித்த வேர் அல்ல. இளம் வேர்களின் நுனிக்குச் சற்று மேலே கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் மெல்லிய தூவிகள் இருக்கின்றன. மண் துகள்களுக்கிடையே நுழைந்து ஈரத்தையும், அதில் கரைந்துள்ள சத்துக்களையும் இழுப்பவை இவையே. எந்தச் சத்தானாலும் நீரில் கரைந்தால்தான் செடிக்குள் போகும். கரையாத உரம் மண்ணில் கிடக்கும் கல்லுக்குச் சமம்.

சத்துக்கள் பெரும்பாலும் தாமாக உள்ளே புகுந்து விடுவதில்லை. வேர் தன் சக்தியைச் செலவிட்டு அவற்றைத் தேர்ந்து எடுக்கிறது. அதற்கு வேர் மூச்சு விட வேண்டும். வயலில் நீர் தேங்கினால் காற்று வேருக்கு எட்டுவதில்லை. மண்ணில் உரம் இருந்தும் செடி மஞ்சளடித்துப் போவது இதனால்தான். அந்த நேரத்தில் யூரியா போடுவதைவிட நீரை வடிப்பது மேல்.

உறிஞ்சிய நீரை மேலே தூக்குவது யார்? விடியற்காலையில் நெல் நாற்றின் இலை நுனியில் முத்து முத்தாக நீர் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதைப் பனி என்று நினைக்கிறோம். அதில் பெரும்பகுதி, இரவில் வேர் அழுத்தி மேலே தள்ளிய நீர். ஆனால் இந்த வேர் அழுத்தம் சிறிய உதவிதான். பகலில் வேலை செய்வது இலை. இலையின் நுண்ணிய துளைகள் வழியாக நீர் ஆவியாகப் போகப் போக, அந்தக் குறையை ஈடு செய்ய அடியிலிருந்து நீர் இழுக்கப்படுகிறது. நீர்த்துளிகள் ஒன்றையொன்று விடாமல் பற்றிக் கொள்ளும் தன்மையால், வேரிலிருந்து இலை வரை அது அறுபடாத கயிறு போல ஏறுகிறது. அயர்லாந்து நாட்டின் டப்ளின் நகரில் டிக்சன், ஜாலி என்ற இருவர் 1894-ல் இந்த விளக்கத்தைக் கூறினார்கள். செடி குடிக்கும் நீரில் நூற்றுக்கு 95 பங்குக்கு மேல் இப்படி ஆவியாகவே போய்விடுகிறது.

இதைக் கண்ணால் காண விரும்புவோர் காசித்தும்பைத் தண்டு ஒன்றை இலையோடு நறுக்கி, சிவப்பு மை கலந்த நீரில் நிறுத்தி வெயிலில் வைக்கலாம். ஓரிரு மணி நேரத்தில் தண்டுக்குள் சிவப்புக் கோடுகள் மேலே ஏறுவது தெரியும். அவைதான் நீர்க்குழாய்கள். இலைகளை எல்லாம் கிள்ளிவிட்டு இன்னொரு தண்டை வைத்தால் மை ஏறுவது வெகுவாகக் குறையும். இழுப்பது இலை என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டியதில்லை. வீட்டில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருந்தால் செய்து காட்டச் சொல்லுங்கள்.

இரண்டு பாதைகள்

நீர்க்குழாய் ஒரு வழிப் பாதை. வேரில் தொடங்கி, எங்கே நீர் ஆவியாகிறதோ அங்கே போய் முடிகிறது. செடியில் இன்னொரு பாதையும் உண்டு. இலை வெயிலில் சமைத்த சர்க்கரையை வேருக்கும் காய்க்கும் கிழங்குக்கும் கொண்டு போகும் உணவுக்குழாய் அது. இது மேலும் போகும், கீழும் போகும். எங்கே தேவையோ அங்கே போகும்.

கொய்யா, மாதுளையில் விண்பதியம் போடுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். கிளையில் ஒரு விரற்கடை அகலத்துக்குப் பட்டையை வளையமாக எடுத்து விடுகிறோம். இலை வாடுகிறதா? இல்லை. நீர்க்குழாய் உள்ளே கட்டையில் இருப்பதால் நீர் தடையின்றி ஏறுகிறது. ஆனால் வளையத்துக்கு மேற்புறம் புடைத்து அங்கே வேர் விடுகிறது. இலையிலிருந்து பட்டை வழியாக இறங்கி வந்த உணவு, வழி இல்லாமல் அங்கே தேங்குவதே காரணம்.

தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து மூன்றும் இந்த இரண்டு பாதைகளிலும் பயணம் செய்யக் கூடியவை. நீர்க்குழாய் வழியாக இலைக்கு வந்தவை, தேவைப்பட்டால் உணவுக்குழாயில் ஏறி வேறிடம் போகும். கதிர் முற்றும்போது நெல்லின் அடி இலைகள் பழுப்பது, அவற்றில் இருந்த தழைச்சத்து மணிக்குப் போவதால்தான்.

சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம், அப்படிப்பட்டதல்ல. நீரோடு ஏறி இலைக்கு வரும். வந்த இலையிலேயே தங்கி விடும். உணவுக்குழாயில் அது ஏறுவது இல்லை என்றே சொல்லிவிடலாம். இலையில் எவ்வளவு மிகுதியாக இருந்தாலும் திரும்பி இறங்கி இன்னோர் உறுப்புக்கு உதவாது. ஆகவே நீர் நிறைய ஆவியாகும் இடத்துக்குச் சுண்ணாம்புச் சத்து நிறையப் போகும். ஆவியாகாத இடத்துக்குப் போகாது. தக்காளிக் காயின் அடிப்புறம் கறுத்துக் குழிந்து அழுகுவதும் இதன் விளைவே. இலை தன் பங்கை இழுத்துக் கொள்ளும்; காயின் நுனிக்கு மீதி எட்டாது.

காய்க்குத் தானே வாய்

இப்போது மணிலாவுக்கு வருவோம். மற்றப் பயிர்களில் பூ பூத்த இடத்திலேயே காய் பிடிக்கும். மணிலாவில் பூ கருவுற்ற பிறகு, அதன் அடியிலிருந்து ஊசி போன்ற விழுது புறப்பட்டு, ஒரு வாரம் பத்து நாளில் மண்ணைத் தொட்டு உள்ளே இறங்கி, அங்கே நுனி பருத்துக் காயாகிறது. விழுது வெளிக்காற்றில் இருக்கும் வரை அதிலிருந்தும் நீர் ஆவியாகும். ஆகவே வேர் அனுப்பும் சுண்ணாம்புச் சத்தில் அதற்கும் பங்குண்டு. மண்ணுக்குள் புகுந்ததும் கதை மாறி விடுகிறது. இருட்டான, ஈரமான மண்ணுக்குள் இருக்கும் காயிலிருந்து நீர் ஆவியாவது ஏது? நீர்க்குழாயின் இழுப்பு நின்று போகிறது. சர்க்கரையும் தழைச்சத்தும் மற்றவையும் உணவுக்குழாய் வழியாகத் தாய்ச்செடியிலிருந்து வந்து விடும். சுண்ணாம்புச் சத்து மட்டும் வராது.

அதைக் காயே, தன்னைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து, தன் ஓட்டின் வழியாக நேரே உறிஞ்சிக் கொள்ள வேண்டும். அமெரிக்காவில் வட கரோலினாவில் 1940-களில், வேர் இருக்கும் மண்ணையும் காய் பிடிக்கும் மண்ணையும் தனித்தனியே பிரித்துச் சோதனைகள் செய்தார்கள். வேருக்குச் சுண்ணாம்புச் சத்து தாராளமாகக் கொடுத்தும், காய் இருக்கும் மண்ணில் அது இல்லாதபோது பருப்பு நிரம்பவில்லை. வேர் ஓரடி, இரண்டடிக்குக் கீழே போய் எத்தனை சுண்ணாம்பைத் தேடிப் பிடித்தாலும் காய்க்குப் பயனில்லை என்பது இதனால் தெளிவாயிற்று.

செடி பச்சையாக இருந்தும் காய் பொக்காவதன் இரகசியம் இதுதான். மேல்மண் காய்ந்து போனாலும் இதே கேடு வரும். ஆழத்து ஈரத்தைக் குடித்துச் செடி வாடாமல் நிற்கும். ஆனால் காய் இருக்கும் இரண்டு மூன்று அங்குல மண்ணில் ஈரம் இல்லாவிட்டால் அங்குள்ள சத்து கரையாது, காய்க்குள்ளும் போகாது. செடி வாடவில்லையே என்று பாசனத்தைத் தள்ளிப் போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். விழுது இறங்கும் பருவத்திலும் காய் முற்றும் பருவத்திலும் செடியின் முகத்தைப் பார்த்து நீர் விடக் கூடாது. மேல்மண்ணைக் கையால் கிளறிப் பார்த்து விட வேண்டும்.

ஜிப்சம்

ஜிப்சம் என்றால் நம்மில் பலருக்குக் களர் நிலத்தைத் திருத்தும் மருந்துதான் நினைவுக்கு வரும். மணிலாவில் அதன் வேலை வேறு. இங்கே அது காய்க்கு ஊட்டும் உணவு. சுண்ணாம்புச் சத்தோடு கந்தகச் சத்தும் அதில் இருக்கிறது. எண்ணெய் வித்துக்குக் கந்தகமும் வேண்டும். சுண்ணாம்புக் கல்லைவிட நீரில் பல மடங்கு எளிதாகக் கரைவதால், வேண்டிய நேரத்தில் காய்க்குக் கிடைக்கும்.

ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் தேவை. கட்டியை உடைத்துச் சலித்து, தூளாக்கிக் கொள்ள வேண்டும். இறவைப் பயிருக்கு விதைத்த 40 முதல் 45 நாளுக்குள், இரண்டாம் களை கொத்தும்போது, செடியின் ஓரமாகத் தூவி, கொத்தி மண்ணோடு கலந்து, செடிக்கு மண் அணைக்க வேண்டும். மானாவாரியில் நாளைப் பிடித்துக் கொண்டு உட்காராமல், 40-ஆம் நாளுக்குப் பிறகு மண்ணில் ஈரம் கிடைக்கும் சமயத்தில் இட வேண்டும். மண் அணைத்தபின் வயலில் கொத்துப் போடுவதை அடியோடு நிறுத்தி விடுவது நல்லது. இறங்கிய விழுதை ஒரு முறை அறுத்து விட்டால் அந்தக் காய் போனது போனதுதான். எஞ்சிய களையைக் கையால் பிடுங்கலாம்.

அடியுரத்தோடு சேர்த்து ஆழத்தில் போட்டுவிட்டால் வேலை மிச்சம் என்று சிலர் நினைக்கிறார்கள். முன்னே சொன்னபடி, காய்க்கு எட்டாத ஆழத்தில் கிடக்கும் ஜிப்சம் காய்க்கு உதவாது. அதே போல், விழுது இறங்கும் நேரத்தில் மேல்மண்ணில் பொட்டாஷ் உரத்தை நிறைய இடுவதும் தவறு. சாம்பல் சத்து மிகுந்தால் காய் சுண்ணாம்புச் சத்தை எடுப்பதற்கு அது போட்டியாக நிற்கும். பொட்டாஷை அடியுரமாகவே முடித்து விட வேண்டும்.

இலையில் தெளிக்கும் கால்சியம் மருந்து என்று கடையில் எடுத்துக் கொடுத்தால் பொக்குக்காக வாங்காதீர்கள். இலையில் விழுந்த கால்சியம் கீழே இறங்கிக் காய்க்குப் போகாது என்பதை மேலே பார்த்தோம். வீண் செலவு.

சூப்பர் பாஸ்பேட் மட்டுமே மணிச்சத்துக்கு இட்டு வந்த காலத்தில் பொக்கு இவ்வளவு இல்லை என்று வயதான விவசாயிகள் சிலர் சொல்வதுண்டு. அதை வெறும் பேச்சு என்று தள்ள முடியாது. சாதாரண சூப்பர் பாஸ்பேட்டில் மணிச்சத்தோடு ஜிப்சமும் கலந்தே இருக்கிறது. டி.ஏ.பி.யில் சுண்ணாம்புச் சத்து கிடையாது. மூட்டை குறைவு, தூக்குக்கூலி குறைவு என்று டி.ஏ.பி.க்கு மாறியவர்கள், கூடவே வந்து கொண்டிருந்த ஒரு சத்தைத் தெரியாமலே இழந்தார்கள்.

எல்லா நிலத்துக்கும் ஜிப்சம் வேண்டியதில்லை. சுக்கான் கல் கலந்த நிலத்தில் சுண்ணாம்பு முன்பே இருக்கிறது. அங்கே ஜிப்சம் இடுவதைத் தவிர்க்க வேண்டும். அந்த நிலங்களில் வேறு தொல்லை உண்டு. நரம்பு பச்சையாக இருக்க, குருத்து இலைகள் மட்டும் மஞ்சளாக வெளுத்தால் அது இரும்புச்சத்துக் குறை. அன்னபேதி உப்பைக் கரைத்துத் தெளிப்பதுதான் அதற்கு வழி. மணற்பாங்கான செம்மண்ணில்தான் ஜிப்சத்தின் பலன் நன்றாகத் தெரியும். மண்ணைப் பரிசோதனை நிலையத்துக்கு அனுப்பிக் கேட்டுக் கொள்வது உத்தமம்.

விதைக்குக் கடலை எடுத்து வைப்பவர்களுக்கு ஒரு சொல். சுண்ணாம்புச் சத்துக் குறை கடுமையாக இருந்த வயலில், நிரம்பிய பருப்பிலும் குறை ஒளிந்திருக்கும். பத்துப் பதினைந்து பருப்பை எடுத்து இரண்டாகப் பிளந்து பாருங்கள். உள்ளே முளைக்குருத்து கறுத்திருந்தால் அந்தக் கடலை விதைக்கு ஆகாது, முளைப்பு குறையும். அதை எண்ணெய்க்குப் போட்டுவிடலாம். குருத்து நன்றாக இருந்து, பருப்பின் உட்புறம் மட்டும் குழிந்து நிறம் மாறியிருந்தால் அது போரான் சத்துக் குறை. ஜிப்சத்தால் அது தீராது.

ஜிப்சத்தில் நம்பிக்கை இல்லாதவர்கள் இந்தப் பட்டத்தில் நான்கு பாத்தியை மட்டும் ஜிப்சம் இடாமல் விட்டு வைக்கலாம். தண்ணீர், களை, மருந்து எல்லாம் மற்றப் பாத்திகளைப் போலவே இருக்கட்டும். அறுவடையன்று இரண்டு இடத்திலும் பத்துப் பத்துச் செடியைப் பிடுங்கி, காய்களை உடைத்து, பொக்கை எண்ணிப் பாருங்கள். காயை எண்ணினால் போதாது. பருப்பை நிறுத்தும் பார்க்க வேண்டும்.