முற்றத்தில் ஏது வட்ட விளக்கு?

அன்புத் தம்பிக்கு,

நீ அனுப்பிய குறும்படத்தை நேற்று ராத்திரி பார்த்தேன். மனசு ஆறாமல் காலையில் மறுபடியும் பார்த்தேன். கீ லைட், ஃபில் லைட், பேக் லைட் பற்றியெல்லாம் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நேராக என்னை உறுத்தியதற்கு வருகிறேன்.

பாட்டி முற்றத்தில் உட்கார்ந்து முறத்தில் அரிசி பார்க்கிறார். மகள் பட்டாவைக் கேட்டதும் கை நிற்கிறது, நிமிர்ந்து பார்க்கிறார். படத்தின் உயிரே அந்தப் பார்வைதான். சரியாக அந்த நேரத்தில் அவருடைய இரண்டு கண்ணிலும் ஒரு வெள்ளை வளையம் மின்னுகிறது. ரிங் லைட்! ஓட்டு வீட்டில், பட்டப்பகலில், வானம் பார்த்த முற்றத்தில் அது எப்படியடா வந்தது? எதிரில் இருப்பதெல்லாம் கருவிழியில் தெரியும். ஜன்னல் இருந்தால் ஜன்னல், வானம் இருந்தால் வானம். அந்த வளையத்தைப் பார்த்ததும் பாட்டியை விட்டுவிட்டேன். கேமராவுக்குப் பக்கத்தில் நிற்கிற உன் யூனிட்தான் கண்ணில் பட்டது.

அது மட்டுமில்லை. விளக்கு அவர் முகத்திலிருந்து மூன்றடியில் இருந்திருக்கும், பின்சுவர் விளக்கிலிருந்து ஒன்பது அடியில். அப்படியென்றால் முகத்துக்குக் கிடைத்த வெளிச்சத்தில் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்குதான் சுவருக்குப் போகும். முகத்துக்கு எக்ஸ்போஸ் செய்தாய், வீடு இருட்டில் போய்விட்டது. சண்டையே அந்த வீட்டுக்காகத்தானே!

சத்யஜித் ராயின் 'அபராஜிதோ' 1956இல் வந்தது. காசி வீட்டின் முற்றத்தைக் கல்கத்தா ஸ்டுடியோவுக்குள் செட் போட்டார்கள். மேலிருந்து இறங்குகிற, கூரான நிழல் இல்லாத அந்த வானத்து வெளிச்சத்தை ஸ்டுடியோவில் எப்படிக் கொண்டுவருவது? ஒளிப்பதிவாளர் சுப்ரதோ மித்ரா செட்டுக்கு மேலே வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டச் சொன்னார். கீழிருந்து விளக்குகளை அந்தத் துணியில் அடித்தார். திரும்பி இறங்கிய வெளிச்சத்தில் நடிகர்கள் நடித்தார்கள். அவர் அவ்வளவு பாடுபட்டு உண்டாக்கிய வானம் உன் தலைக்கு மேலே சும்மா கிடந்தது. அதை ஒரு வளையத்தை வைத்து அழித்துவிட்டாயே என்பதுதான் என் ஆற்றாமை.

இரண்டாவது, பாட்டியின் நிறம். நல்ல கறுப்பு அவர். நீ மாநிறமாக்கியிருக்கிறாய். கேமராவில் வெளிச்ச அளவைக் கோடுகளாகக் காட்டும் ஜீப்ராவை எழுபது சதவீதத்தில் வைத்து, கன்னத்தில் கோடு வருகிறவரை அபெர்ச்சரைத் திறந்தாய் போலிருக்கிறது. அந்த எழுபது வெள்ளைக்காரர் தோலை மனதில் வைத்துப் பழகிப்போன கணக்கு. ஃபிலிம் காலத்தில் கோடாக் லேபுகளுக்கு அனுப்பிய 'ஷெர்லி கார்டு'களிலும் பல வருஷம் வெள்ளைக்காரப் பெண்ணின் முகம்தான் அளவு. கறுப்புத் தோலுக்கு அளவு வேறு. அதைத் தூக்கிவிடக் கூடாது, அது இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். பெரிய, மெத்தென்ற வெளிச்சத்தைப் பக்கவாட்டிலிருந்து கொடுத்தால் கன்ன எலும்பிலும் நெற்றியிலும் பளபளப்பு ஏறும். முகத்தின் வடிவத்தை அந்தப் பளபளப்பே காட்டிவிடும். "முகம் இன்னும் வெளிச்சமா இருக்கட்டும் சார்" என்று என்னிடம் சொல்லாத தயாரிப்பாளர் குறைவு. உனக்குத் தயாரிப்பாளரும் கிடையாது, கைக்காசில் எடுத்த படம். யாருக்குப் பயந்தாய்?

எனக்கு வெளிச்சம் பார்க்கச் சொல்லிக்கொடுத்தவர் கோடம்பாக்கத்தில் ஒரு லைட்மேன். நடிகர் உட்காரும் இடத்தில் போய் நின்று கையை மூடி, முகம் வரும் உயரத்தில் நீட்டுவார். முஷ்டியை மெல்லத் திருப்பி, விரல் முட்டிகளின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, எவ்வளவு ஆழமாக விழுகிறது என்று பார்ப்பார். அப்புறம்தான் வாயைத் திறப்பார். பெரும்பாலும் "ஒரு லைட்டை அணைக்கலாம்" என்பார். மீட்டரைக் கையில் வைத்திருந்த எங்களுக்கு முதலில் கோபம் வரும். அணைத்துப் பார்த்தால் முகம் எழுந்து நிற்கும்.

அவரிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது கறுப்புத் துணி. வெள்ளையடித்த சின்ன அறையில் நாலு சுவரும் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். நிழல் விழ வேண்டிய கன்னத்திலும் அது போய் அப்பிக்கொள்ளும். ஃப்ரேமுக்கு வெளியே, அந்தக் கன்னத்துக்கு இரண்டடியில் கறுப்புத் துணியைப் பிடித்துப் பார், முகத்துக்கு ஆழம் வந்துவிடும். உங்கள் தலைமுறை வாங்கிக் குவிக்கிற எல்இடி பேனல் எதுவும் இதைச் செய்யாது. எத்தனை ஒளிப்பதிவாளர்களிடம் சொல்லியாயிற்று! துணிதானே என்று நினைக்கிறார்கள்.

இப்போது உன் கடைசி ஷாட். மகள் நிலைப்படியில் நிற்கிறாள். வெளியே அந்தி, உள்ளே இன்னும் டியூப் லைட் போடவில்லை. அவள் முகத்தை முழுக்க இருட்டில் விட்டுவிட்டாய். கையிலிருக்கும் பிளாஸ்டிக் ஃபைலின் ஓரத்தில் மட்டும் வானம் ஒரு கோடாகப் பிடிக்கிறது. வீட்டை வாங்கிக்கொண்டு போகிறவளின் முகத்தைக் காட்டக் கூடாது என்று முடிவெடுத்தாயே, அது பெரிய ஒளிப்பதிவாளன் எடுக்கிற முடிவு. அந்த ஷாட்டை நான் எடுத்திருக்கக் கூடாதா என்று ஏங்கினேன். வெறும் புகழ்ச்சி இல்லை, சத்தியமாகச் சொல்கிறேன்.

அதை எடுத்த கையா ரிங் லைட்டையும் வைத்தது? அதனால்தான் இவ்வளவு கடுமையாக எழுதுகிறேன். விழாவுக்கு அனுப்புவதற்கு முன்னால் முற்றத்துக் காட்சியைத் திரும்ப எடு. உச்சி வெயில் முற்றத்தைத் தாண்டிப் போன பிறகு ஆரம்பி. வெயில் மிச்சமிருந்தால் மேலே ஒரு காடாத் துணியைக் கட்டு, பக்கத்தில் கறுப்புத் துணியைப் பிடி, விளக்கே வேண்டாம். பாட்டியை அதே இடத்தில் உட்காரவைத்து, அதே முறத்தைக் கொடு. ஒரு சாயங்கால வேலை. சோம்பல்படாதே.

அன்புடன்,
உன் அண்ணன்