தொற்றுக் காலமும் நம் குழந்தைகளின் எதிர்ப்புச் சக்தியும்

மொழி தெரியாத ஊரில் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்குவது எவ்வளவு சிரமம் என்பது இந்த இதழின் வாசகர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஊரில் பாட்டி இருப்பாள், பக்கத்து வீட்டுப் பெரியம்மா இருப்பாள். இங்கே நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆகவே வைரஸ் நோய்களைப் பற்றியும் அவற்றை எதிர்க்கும் சக்தியைப் பற்றியும் அடிப்படையான சில செய்திகளை ஒவ்வொரு தாய் தந்தையரும் அறிந்திருப்பது நல்லது.

நான் மருத்துவன் அல்ல. டிப்ளமோ படித்துவிட்டு ரயில்வேயில் இருப்புப்பாதைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பேரக் குழந்தைகளின் பொருட்டுப் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டதை, எனக்குப் பழக்கமான உதாரணங்களோடு இங்கே எழுதுகிறேன். சிகிச்சைக்கு மருத்துவரைத்தான் அணுக வேண்டும்.

இரண்டு காவல்கள்

வைரஸ் என்பது தானாகப் பெருக முடியாத மிகச் சிறிய கிருமி. நம் உடலின் செல்லுக்குள் நுழைந்து, அந்தச் செல்லையே தனக்குத் தொழிற்சாலையாக்கிக்கொண்டு பெருகும். பாக்டீரியாவைக் கொல்லும் ஆண்டிபயாடிக் மாத்திரை வைரஸை ஒன்றும் செய்யாது. சாதாரணச் சளிக் காய்ச்சலுக்கு நாமாகக் கடையில் ஆண்டிபயாடிக் வாங்கிக் கொடுப்பது வீண் மட்டுமல்ல, கெடுதலும்கூட.

உடலுக்கு இரண்டு வகைக் காவல் உண்டு. ரயில் பாதையில் கீமேன் என்று ஒருவர் இருப்பார். சுத்தியலைத் தோளில் போட்டுக்கொண்டு தம் எல்லைக்குட்பட்ட பாதை முழுவதையும் தினமும் நடந்து பார்ப்பார். தளர்ந்த கீ எதுவானாலும் அங்கேயே அடித்து இறுக்குவார். நம் பிறவிக் காவல் இத்தகையது. மூக்கு, தொண்டையின் உட்சவ்வும், ரத்தத்தின் சில வெள்ளணுக்களும், இன்டர்ஃபெரான் என்னும் எச்சரிக்கைப் பொருளும் இதில் அடங்கும். வந்தது எந்தக் கிருமி என்று ஆராய்ந்துகொண்டிராமல் உடனே தாக்கும்.

கீமேனால் சமாளிக்க முடியாவிட்டால் விபத்து நிவாரண ரயிலைக் கூப்பிடுவோம். அது புறப்பட்டு வரச் சற்று நேரமாகும், ஆனால் வேண்டிய சாமான்களோடு வரும். இரண்டாவது காவலும் அப்படித்தான். லிம்போசைட்டுகள் என்னும் வெள்ளணுக்கள் வந்த கிருமியை அடையாளம் கண்டு, அதற்கென்றே எதிர்ப்பொருள்களைத் தயாரிக்கின்றன. முதல் முறை இதற்கு ஒன்றிரண்டு வாரங்கள் பிடிக்கும். வேலை முடிந்ததும் சில அணுக்கள் பதிவேடு போல அந்த நினைவை வைத்துக்கொள்கின்றன. அதே கிருமி மறுபடி வந்தால் பதிவேட்டைப் புரட்டி விரைவிலேயே வேலையை முடித்துவிடும். தடுப்பூசி என்பது நோய் வராமலேயே இந்தப் பதிவேட்டில் ஒரு பக்கத்தை எழுதி வைப்பதுதான். விபத்து நடப்பதற்கு முன்பே நாங்கள் நடத்தும் ஒத்திகையைப் போன்றது.

கொரோனாவும் குழந்தைகளும்

2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கோவிட்-19ஐப் பெருந்தொற்று என்று அறிவித்தது. மார்ச் 25 முதல் நம் நாட்டில் ஊரடங்கு. முதியவர்களைப் பெரிதும் வாட்டிய அந்த நோய், பெரும்பாலான குழந்தைகளை லேசான காய்ச்சல், இருமலோடு விட்டுவிட்டது. குழந்தைகளுக்குத் தொற்றவில்லை என்பது இதற்குப் பொருளல்ல. 2021 ஜூன், ஜூலை மாதங்களில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய ரத்தப் பரிசோதனை ஆய்வில், 6 முதல் 9 வயதுக் குழந்தைகளில் 57.2 சதவீதத்தினரிடமும், 10 முதல் 17 வயதினரில் 61.6 சதவீதத்தினரிடமும் எதிர்ப்பொருள் காணப்பட்டது. அப்போது சிறுவர்களுக்குத் தடுப்பூசி தொடங்கவே இல்லை. 15 வயதைக் கடந்தவர்களுக்கு 2022 ஜனவரி 3 அன்றும், 12 முதல் 14 வயதினருக்கு அதே ஆண்டு மார்ச் 16 அன்றும்தான் தொடங்கியது. ஆக, பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குத் தொற்று வந்து, பலருக்கு வந்த சுவடே தெரியாமல் போயிருக்கிறது.

காரணம் என்ன? குழந்தைகளின் மூக்கில் அந்தக் கீமேன் காவல் பெரியவர்களைவிட விழிப்பாக இருக்கிறது என்றும், இன்டர்ஃபெரான் எச்சரிக்கை முன்கூட்டியே தயாராக இருக்கிறது என்றும் ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. சர்க்கரை, ரத்தக் கொதிப்பு போன்ற நோய்கள் அவர்களிடம் குறைவு என்பதும் ஒரு காரணம்.

ஆயினும் ஒரு சிலருக்குத் தொற்று நீங்கி 2 முதல் 6 வாரங்களுக்குப் பின் கடுங்காய்ச்சல், கண் சிவத்தல், உடலில் தடிப்பு, வயிற்று வலி, வாந்தி ஆகியவை வந்து இதயம்வரை பாதித்தது. காவல் படையே அளவு மீறிச் செயல்பட்டதால் வந்த தொல்லை அது. எதிர்ப்புச் சக்தி எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு நல்லது என்று எண்ணி, விளம்பரத்தில் வரும் டானிக்குகளை வாங்கிக் குவிப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். காவல் வேண்டிய அளவில், வேண்டிய நேரத்தில் செயல்படுவதுதான் ஆரோக்கியம்.

கைவிட்டுப்போன தவணைகள்

குழந்தைகளைப் பொறுத்தவரை அந்தத் தொற்றுக் காலத்தின் பெரிய இழப்பு வேறு இடத்தில் ஏற்பட்டது. வெளியே போகப் பயம், வண்டி வசதி இல்லை, சுகாதார ஊழியர்கள் எல்லோரும் கொரோனா வேலையில். இதனால் வழக்கமான தடுப்பூசித் தவணைகள் தவறின. முத்தடுப்பு ஊசியின் முதல் தவணைகூடப் போடப்படாத குழந்தைகள் 2021இல் இந்தியாவில் சுமார் 27 லட்சம் என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் மதிப்பிட்டன. 2022இல் அது சுமார் 11 லட்சமாகக் குறைந்தது. குறைத்தவர்களைப் பாராட்ட வேண்டும். ஆனால் அந்த இடைவெளியில் தட்டம்மை நுழைந்துவிட்டது.

தட்டம்மையை நம் பக்கத்தில் மணல்வாரி என்றும் சொல்வார்கள். தொற்று நோய்களிலேயே மிக வேகமாகப் பரவக்கூடியவற்றுள் ஒன்று. தடுப்புச் சக்தி இல்லாதவர்கள் நடுவில் ஒரு நோயாளி 12 முதல் 18 பேருக்குக் கொடுத்துவிடுவார். அவர் இருந்துவிட்டுப் போன அறையின் காற்றில் 2 மணி நேரம் வரை கிருமி உயிரோடு இருக்கும். எனவேதான் நூற்றுக்கு 95 பேருக்குப் பாதுகாப்பு இருந்தால் மட்டுமே பரவல் நிற்கும் என்கிறார்கள்.

ஒரு சிறு கணக்கு

ஆண்டுக்கு 100 குழந்தைகள் பிறக்கும் ஒரு காலனியை எடுத்துக்கொள்வோம். இது விளக்கத்துக்காக நான் போட்ட கணக்கு.

9 மாதத்தில் போடும் முதல் ஊசி, போட்டுக்கொண்டவர்களில் நூற்றுக்கு 85 பேருக்குப் பலன் தரும். 90 குழந்தைகள் வந்து போட்டுக்கொண்டால் 76 பேருக்குப் பாதுகாப்பு. வராத 10, வந்தும் பலிக்காத 14, ஆக 24 பேர் மிச்சம். அந்த 90 பேரும் 16 முதல் 24 மாதத்துக்குள் இரண்டாவது ஊசிக்கும் வந்தால், பலிக்காத 14 பேரில் 13 பேர் தேறிவிடுவார்கள். ஆண்டுக்கு 11 பேர்தான் பாதுகாப்பின்றி நிற்பார்கள்.

ஊரடங்கில் 70 பேர்தான் முதல் ஊசிக்கு வந்தார்கள், இரண்டாவது ஊசி நடக்கவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். 60 பேருக்குப் பாதுகாப்பு, 40 பேருக்கு இல்லை. இப்படி இரண்டு ஆண்டுகள் போனால் 80. அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளின் மிச்சம் 33. ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் மொத்தம் 113 பேர் பாதுகாப்பின்றி இருக்கிறார்கள். இந்த எண்ணிக்கை ஓராண்டில் பிறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கையை நெருங்கினாலே பெரிய அளவில் நோய் வெடிக்கும் என்பது சுகாதாரத் துறையினரின் அனுபவ விதி. யாரும் தவறு செய்ததாக உணர்ந்திருக்க மாட்டார்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தவணைதான் தவறியிருக்கும்.

மும்பையில் நடந்தது

2022 அக்டோபர், நவம்பரில் மும்பையின் கோவண்டி உள்ளிட்ட எம்-கிழக்கு வட்டாரத்தில் தட்டம்மை பரவிக் குழந்தைகள் இறந்தார்கள். நெருக்கமான குடியிருப்புகள், சத்துக் குறைவு, தவறிப்போன தவணைகள் ஆகிய மூன்றும் அங்கே சேர்ந்திருந்தன. பிவண்டி, மாலேகாவ் ஆகிய ஊர்களிலும் நோய் கண்டது. ராஞ்சி, அகமதாபாத், மலப்புரம் ஆகிய இடங்களுக்கும் மத்திய அரசு நிபுணர் குழுக்களை அனுப்பியது. நோய் கண்ட பகுதிகளில் 9 மாதம் முதல் 5 வயது வரை உள்ளவர்களுக்குக் கூடுதலாக ஒரு தவணை போடலாம் என்று மாநிலங்களுக்கு யோசனை கூறப்பட்டது.

தட்டம்மையின் இன்னொரு கெடுதல் பலருக்குத் தெரியாது. அது முன் சொன்ன பதிவேட்டையே அழிக்கிறது. தடுப்பூசி போடாமல் தட்டம்மை கண்ட குழந்தைகளை ஆராய்ந்த விஞ்ஞானிகள், அவர்கள் முன்பு சம்பாதித்திருந்த எதிர்ப்பொருள்களில் 11 முதல் 73 சதவீதம் வரை காணாமல் போனதை 2019இல் வெளியிட்டார்கள். தடிப்பு மறைந்து குளிப்பாட்டிய பிறகும் பல மாதங்களுக்கு அந்தக் குழந்தைக்கு மற்ற நோய்கள் எளிதில் வருவது இதனால்தான். 'ஒரு முறை அம்மை வந்து போனால் உடம்புக்கு நல்லது' என்று சொல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இதோடு சேர்த்துத் தீர்க்க வேண்டிய ஐயம் ஒன்று. 2023 தொடக்கத்தில் மேற்கு வங்காளத்தில் அடினோ வைரஸ் குழந்தைகளைக் கடுமையாகத் தாக்கியபோது, 'முகக்கவசம் போட்டே பிள்ளைகளின் சக்தி குறைந்துவிட்டது' என்று பலர் பேசினார்கள். எதிர்ப்புச் சக்தி, பயிற்சி இல்லாவிட்டால் மெலிந்துபோகும் தசையல்ல. வீட்டுக்குள்ளேயே இருந்த பிள்ளைகள் சாதாரணக் கிருமிகளைச் சந்திக்கவில்லை. பதிவேட்டில் சில பக்கங்கள் எழுதப்படாமலே இருந்தன. வெளியே வந்ததும் பல வயதுப் பிள்ளைகள் ஒரே சமயத்தில் அவற்றைச் சந்திக்க நேர்ந்தது. நோய் அலை பெரிதாவதற்கு இது ஒரு காரணம் என்று கருதப்படுகிறது.

பெயர் தெரிந்துகொள்ளுங்கள்

வெளிமாநிலத்தில் இருக்கும் நமக்கு ஒரு தனித் தொல்லை உண்டு. ஆஷா ஊழியர் வாசலில் நின்று 'கோவர் டீகா' என்று மராத்தியில் கேட்கிறார். நம் வீட்டுப் பெண்மணி என்னவோ என்று கதவைச் சாத்துகிறார். தட்டம்மைக்கு மராத்தியில் கோவர், இந்தியில் கஸ்ரா, வங்காளியில் ஹாம், குஜராத்தியில் ஓரி, கன்னடத்தில் தடார என்று பெயர். தங்கள் ஊரின் சொல்லைக் காகிதத்தில் எழுதிக் கதவின் உட்புறம் ஒட்டிவைத்தால்கூடத் தவறில்லை.

அம்மை கண்ட வீட்டில் வேப்பிலை கட்டி, குழந்தையைத் தனியே வைத்து, வெளியாரை வரவிடாமல் செய்வது நம் வழக்கம். பரவலைத் தடுக்கும் நல்ல பழக்கம் அது. வழிபாட்டிலும் குறுக்கிட யாருக்கும் உரிமையில்லை. ஆனால் மருத்துவரிடம் போகக் கூடாது, ஆகாரம் கொடுக்கக் கூடாது என்பதை மட்டும் விட்டுவிட வேண்டும். தட்டம்மையில் குழந்தைகளைக் கொல்வது பெரும்பாலும் அதைத் தொடர்ந்து வரும் நிமோனியாவும் வயிற்றுப்போக்கும்தான். மருத்துவர் தரும் வைட்டமின் ஏ மருந்து கண்ணையும் உயிரையும் காக்கும்.

நாம் செய்ய வேண்டியவை

1. இன்று இரவே குழந்தையின் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். குறிப்பாக 2020, 2021இல் பிறந்த குழந்தைகளின் அட்டையைப் பாருங்கள். தட்டம்மை-ரூபெல்லா ஊசி இரண்டு தவணையும் பதிவாகியிருக்கிறதா? 16 முதல் 24 மாதத்திலும், 5 முதல் 6 வயதிலும் போட வேண்டிய முத்தடுப்பு பூஸ்டர்கள் பதிவாகியிருக்கின்றனவா?

2. தவணை தவறியிருந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. ஐந்து வயதைக் கடந்திருந்தாலும் மருத்துவரைக் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம்.

3. அரசு மையங்களில் ஊசி இலவசம். எந்த மாநிலத்தில் பிறந்த குழந்தையானாலும், இருக்கும் ஊரிலேயே போட்டுக்கொள்ளலாம். ஊருக்குப் போகும்போது துணிமணியோடு அட்டையையும் எடுத்து வையுங்கள். அட்டையின் இரு பக்கத்தையும் செல்பேசியில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். மாற்றலில் வீடு மாறும்போது முதலில் தொலைவது அந்த அட்டைதான்.

4. காய்ச்சல், இருமல், கண் சிவப்போடு காதின் பின்னும் முகத்திலும் தடிப்பு தோன்றிக் கீழே இறங்கினால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். தடிப்பு வருவதற்கு 4 நாள் முன்பும் வந்த பின் 4 நாளும் நோய் தொற்றும். பள்ளிக்கு அனுப்பாதீர்கள்.

5. காய்ச்சலுக்குக் குழந்தைக்கு ஆஸ்பிரின் தரவே கூடாது. பாராசிட்டமால்கூட எடைக்கேற்ப மருத்துவர் சொன்ன அளவில்தான் தர வேண்டும். மூச்சு வாங்குதல், பால் குடிக்க மறுத்தல், வலிப்பு, எழுப்ப முடியாத தூக்கம் ஆகியவற்றில் எது கண்டாலும் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

6. எதிர்ப்புச் சக்திக்கு முட்டை, பருப்பு, கீரை, பப்பாளி, கேரட், நல்ல தூக்கம், சிறு குழந்தைக்குத் தாய்ப்பால் ஆகியவை போதும். பாட்டில் சரக்கு வேண்டாம்.

போலியோ ஒழிப்பு நாட்களில் ரயில் நிலையங்களிலும் ஓடும் ரயில்களிலும்கூட ஊழியர்கள் குழந்தைகளைத் தேடித் தேடிச் சொட்டு மருந்து கொடுத்ததை வாசகர்கள் பலர் பார்த்திருக்கலாம். ஊர் விட்டு ஊர் போகிறவர்களின் குழந்தைகளே கணக்கில் விட்டுப்போகிறார்கள் என்பதால்தான் அந்த ஏற்பாடு. 2011 ஜனவரியில் ஹவுராவில் ஒரு குழந்தைக்கு வந்ததே நம் நாட்டில் இயற்கையாகப் பரவிய போலியோவின் கடைசி நோய். 2014இல் நமக்குச் சான்றிதழும் கிடைத்தது. தட்டம்மைக்கும் அப்படி ஒரு நாள் வரும். அதுவரை விட்டுப்போன குழந்தை நம் வீட்டிலோ, நம் சங்கத்து அன்பர் வீட்டிலோ, நம் வீட்டு வேலைக்கு வருகிற அம்மாளின் வீட்டிலோ இருக்கக் கூடும். அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது, அட்டையைப் பார்த்தீர்களா என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வோம்.