ஓடாத கார்களின் விலை

நாம் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் பணியாற்றிய காலத்தில், பாடம் நடத்தப் பழகும் மாணவியருக்கு ஆண்டுதோறும் ஒரு வினாவைக் கொடுப்பதுண்டு. ஒரு பொருளின் விலையும் அதன் மதிப்பும் ஒன்றா, வேறா? அரிசியையும் உப்பையும் தங்கத்தையும் சொல்லி அவர்கள் பாடத்தை முடித்துவிடுவார்கள். இன்று அவ்வினாவைக் கொடுக்க நேர்ந்தால் நாம் சொல்லும் எடுத்துக்காட்டு வேறாக இருக்கும்.

அமெரிக்காவில் பணிபுரியும் நம் தமக்கையின் பேரன் அண்மையில் ஒரு செய்தி கேட்டு எழுதியிருந்தான். 1978ஆம் ஆண்டில் செய்யப்பட்ட செவ்ரலே கார்வெட் கார் ஒன்று அங்கே விலைக்கு வந்துள்ளதாம். இத்தனை ஆண்டுகளில் ஐம்பது மைல்கூட ஓடவில்லை. இருக்கைகளின் மேலுறைகூடக் கழற்றப்படவில்லை. வீடு வாங்கச் சேர்த்த பணத்தில் ஒரு பகுதியை இதில் போடலாமா என்பது அவன் கேள்வி. காரைப் பற்றிப் பாட்டியிடம் கேட்பதா என்று வாசகர்கள் நகைக்க வேண்டா. அவனுக்குக் கூட்டுவட்டி கற்பித்தது நாமே. ஆகவே இதனையும் ஒரு கணக்காகவே எடுத்துக்கொண்டு ஆராய்ந்தோம்.

முதலில், ஓடாத கார் உண்மையாகவே உயர்ந்த விலைக்குப் போன ஓர் இடத்தைக் காண்போம். நெப்ராஸ்கா மாநிலத்துப் பியர்ஸ் என்னும் சிற்றூரில் லாம்ப்ரெக்ட் செவ்ரலே என்ற விற்பனை நிலையம் 1946 முதல் ஐம்பது ஆண்டுகள் நடைபெற்றது. ஆண்டு முடிவில் விற்காமல் தங்கிய புதிய வண்டிகளைக் குறைந்த விலைக்குத் தள்ளிவிடாமல், அதன் உரிமையாளர் அப்படியே நிறுத்திவைத்தார். 2013 செப்டம்பரில் அங்கிருந்த ஏறத்தாழ ஐந்நூறு வண்டிகள் ஏலத்திற்கு வந்தபோது, அச்சிற்றூரில் மக்கள் ஆயிரக்கணக்கில் திரண்டனர். 1.3 மைல் மட்டுமே ஓடிய 1958ஆம் ஆண்டுக் கேமியோ வகைச் சரக்கு வண்டி ஒன்று 1,40,000 டாலருக்குப் போயிற்று. புதிதாய் இருந்தபோது அதன் விலை ஏறத்தாழ 2,200 டாலர்.

அறுபது மடங்குக்கு மேல்! கேட்பவர் வாய் பிளப்பது இயல்பே. ஆனால் இடையில் ஐம்பத்தைந்து ஆண்டுகள் கடந்துள்ளன. கூட்டுவட்டி முறையில் கணக்கிட்டால் இது ஆண்டுக்கு ஏறத்தாழ எட்டு விழுக்காடுதான். அதே காலத்தில் அமெரிக்கப் பங்குச் சந்தை, ஈவுத்தொகையையும் சேர்த்தால், ஆண்டுக்குச் சராசரியாகப் பத்து விழுக்காட்டை ஒட்டிய வளர்ச்சி கண்டது. வண்டியை நிறுத்திவைத்த கட்டடத்தின் செலவை நாம் இன்னும் கழிக்கவே இல்லை. அன்றியும் இது அந்த ஏலத்தில் முதலிடம் பெற்ற வண்டியின் கணக்கு. மரத்தடியில் நின்று துருவேறிய வண்டிகளும் அதே ஏலத்தில் பல இருந்தன.

இனி, பேரன் கேட்ட காருக்கு வருவோம். அவ்வகைக் கார், 1978இல் இண்டியனாபொலிஸ் 500 பந்தயத்தில் முன்னோடிக் காராக ஓடியதன் நினைவாக வெளியிடப்பட்டது. மொத்தம் 6,502 வண்டிகள். விலை 13,653 டாலர் என்று அறிவிக்கப்பட்டிருந்தும், பிற்காலத்தில் பெரும்பொருள் தரும் என்று நம்பி இரு மடங்கு கொடுத்தவரும் உண்டு. வாங்கியவருள் மிகப் பலர் அதை ஓட்டாமல் பூட்டிவைத்தனர். அனைவரும் பூட்டிவைத்தால் எந்த வண்டி அரிதாகும்? நெப்ராஸ்காவின் சரக்கு வண்டி விலை பெற்றதற்குக் காரணம், அதனுடன் பிறந்தவை எல்லாம் மூட்டை சுமந்து தேய்ந்து போனமை. கார்வெட்டுக்கு அந்நிலை வாய்க்கவில்லை. 1978ஆம் ஆண்டின் 13,653 டாலருக்கு இன்றைய வாங்கும் ஆற்றல் அறுபதாயிரம் டாலருக்கு மேல். ஓடாத நிலையிலும் அவ்வண்டிகள் பெரும்பாலும் அத்தொகைக்குக் கீழேதான் விற்கின்றன.

1976இல் காடிலாக் நிறுவனம் செய்த எல்டொராடோ திறப்புக் கூரைக் காரின் கதையும் இத்தகையதே. அமெரிக்கா செய்யும் கடைசித் திறப்புக் கூரைக் கார் இதுவே என்று பேசப்பட்டதால் அவ்வாண்டில் 14,000 கார்கள் விற்றன; பலர் சேமிப்பாகவே வாங்கினர். 1984இல் அந்நிறுவனமே மீண்டும் திறப்புக் கூரைக் கார் செய்தது! ஏமாற்றப்பட்டோம் என்று வாங்கியவர்கள் வழக்காடியும் பயன் கிட்டவில்லை.

ஓட்டாமல் வைத்த வண்டி புதியதாகவே இருக்கும் என்ற எண்ணமும் ஆராயத்தக்கது. காருக்கு உழைப்பால் வரும் தேய்வு ஒன்று, காலத்தால் வரும் சிதைவு மற்றொன்று. பெட்ரோல் நாட்பட்டால் பிசின்போல் கெட்டிப்படுகிறது. பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சி உள்ளிருக்கும் உலோகத்தை அரிக்கிறது. ரப்பர் வளையங்கள் காய்ந்து வெடிக்கின்றன. டயர் ஒரே இடத்தில் நின்று தட்டையாகிறது. எலிக்கு மின்கம்பியின் மேலுறை விருந்து.

ஒக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரத்தார் இதை நேரிற் கண்டனர். மாநிலத்தின் ஐம்பதாம் ஆண்டு விழாவை ஒட்டி, 1957 ஜூன் 15 அன்று புத்தம் புதிய பிளிமத் பெல்வடியர் கார் ஒன்றை நீதிமன்றத்தின் முன் காங்கிரீட் அறை அமைத்துப் புதைத்தனர். ஐம்பது ஆண்டு கழித்துப் பெட்ரோலே கிடைக்காமற்போகலாம் என்று அதற்கும் சேர்த்து வைத்தார்களாம். கூந்தல் ஊசி, உதட்டுச் சாயம் என ஒரு பெண்ணின் கைப்பையில் இருப்பனவற்றையும் வைத்தனர். 2007 ஜூன் 15 அன்று திறந்தபோது அறை முழுதும் நீர் புகுந்திருந்தது. வெளியே வந்தது சேறும் துருவுமான ஓர் எலும்புக்கூடு. மைல் கணக்கைப் பார்த்தால் அதைவிடப் புதிய 1957ஆம் ஆண்டுக் கார் உலகில் அரிது!

எனினும் நெடுந்தொலைவு ஓடாத கார்களுக்கு ஒரு மெய்யான மதிப்பு உண்டென்பதை மறுக்க இயலாது. தொழிற்சாலையில் எந்தத் திருகு எங்கே இருந்தது, வண்ணம் எவ்வளவு தடிப்பாகப் பூசப்பட்டது என்பதைப் பழுது பார்க்கப்பட்ட வண்டி சொல்லாது. படிகளில் நேர்ந்த பிழையைத் திருத்த மூல ஏடு உதவுவதுபோல் இவ்வண்டிகள் உதவுகின்றன. பிறவியிலேயே அரிதான காருக்கு இது மேலும் பொருந்தும். மொத்தம் 106 மட்டுமே செய்யப்பட்ட மெக்லாரன் எஃப்1 வகையில், 400 கிலோமீட்டருக்கும் குறைவாக ஓடிய ஒன்று, 2021இல் கலிபோர்னியாவில் 2 கோடியே 4 இலட்சத்து 65 ஆயிரம் டாலருக்கு ஏலம் போயிற்று. ஆனால் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அதன் எரிபொருட் பையை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும்.

மறுபுறம், நன்றாக ஓடிய காரும் பெருவிலை பெறுவதுண்டு. 'புல்லிட்' என்ற 1968ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் நடித்த முஸ்டாங் காரை 1974இல் ஒரு குடும்பத்தார் 6,000 டாலருக்கு வாங்கினர். அவ்வீட்டு அம்மையார் ஒரு பள்ளி ஆசிரியை. அன்றாடம் அதிலேதான் பள்ளிக்குச் சென்றார். (நாம் முப்பது ஆண்டுகள் நகரப் பேருந்தில் சென்றோம்.) அறுபத்தைந்தாயிரம் மைல் ஓடிய அக்கார் 2020இல் 37 இலட்சம் டாலருக்கு மேல் விலை பெற்றது. அங்கே வாங்குவோர் பார்த்தது மைலை அன்று, அதன் வரலாற்றை.

பேரனுக்கு நாம் எழுதியது இதுதான். ஓடிய மைலைக் காட்டும் எண்ணை மட்டும் நம்பாதே. அக்காலக் கார்களில் ஐந்து இலக்கமே இருந்தமையால் இலட்சம் மைலில் எண் மீண்டும் சுழியத்துக்கு வந்துவிடும். எண்ணைத் திருத்துவது அமெரிக்காவில் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சட்டம் தேவைப்பட்டது என்பதே போதிய எச்சரிக்கை. மிதிகட்டையின் ரப்பர் தேய்ந்துள்ளதா என்று பார். டயரில் பொறித்த எண்ணைக் கொண்டு அது எந்த ஆண்டில் செய்யப்பட்டது என்று அறி. முதல் விற்பனைச் சீட்டைக் கேள். இவையெல்லாம் சரியாக இருந்தாலும், வாங்கிய பின் நீ அதை ஓட்டுவாயா? ஓட்டினால், கூடுதலாகக் கொடுத்த பணம் முதல் சில நூறு மைல்களிலேயே கரையும். ஓட்டாவிட்டால், வாடகைக்கு இடம் பிடித்துக் காவல் காக்க வேண்டியவன் நீ. அதே ஆண்டுக் கார், ஐம்பதாயிரம் மைல் ஓடியது, மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும். ஞாயிறுதோறும் குடும்பத்தோடு அதில் போய்வரலாம். வீட்டுப் பணத்தைத் தொடாதே.

சென்ற வாரம் மறுமொழி வந்தது. டயரின் எண்ணைக் கேட்டானாம். விற்பவர் இரண்டு நாள் கழித்துச் சொல்வதாகக் கூறியிருக்கிறார். ஐம்பதாயிரம் மைல் ஓடிய கார் ஒன்றையும் பார்த்துவிட்டு வந்திருக்கிறான். அதன் நிறந்தான் அவன் மனைவிக்குப் பிடிக்கவில்லையாம்.