அட்டைப்படத்தில் யார் முகம்?

சூலமங்கலம் சகோதரிகள் பாடிய கந்த சஷ்டி கவசத்தைக் கேட்டு வளர்ந்தவங்கதான் நம்மில் நிறையப் பேர். அந்தக் குரலைத் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லிடுவோம். ஆனா அவங்க முகம்? கொஞ்சம் யோசிக்கணும். பழைய பக்திப் பாடல் கேசட்டுகளில் பெரும்பாலும் அட்டை நிறைய சுவாமி படம்தான். பாடினவங்க பெயர் ஓரமா சின்ன எழுத்துல இருக்கும்.

இப்போ நம்மில் பலர் சொந்தமாப் பாடி யூடியூபில் போடுறீங்க. தம்ப்நெயிலில் என் முகம் வைக்கவா, வேல் வைக்கவான்னு கேக்குறீங்க. அதுக்குப் பதில் சொல்றதுக்கு முன்னாடி, ஒரு படம் பாடகரை என்னவெல்லாம் ஆக்கும்னு பார்த்துடலாம். நம்ம கேசட்டுக்கு நேர் எதிரான ஒரு உதாரணம்: இங்கிலாந்து ராக் பாடகர் டேவிட் போவி.

1972-ல் அவர் 'ஸிக்கி ஸ்டார்டஸ்ட்' என்ற கற்பனைப் பாத்திரமாகவே மேடை ஏறினார். அந்த ஆல்பத்தின் அட்டையில் லண்டன் ஹெட்டன் தெருவில், இரவு விளக்கடியில் தனியா நிற்பார். கறுப்பு வெள்ளையில் எடுத்து, அப்புறம் வண்ணம் தீட்டிய படம் அது. அதுல அவர் உருவம் சின்னதுதான், தெருதான் பெருசு.

1973-ல் வந்த 'அலாதீன் சேன்' அட்டையில் தெருவே இல்லை. வெள்ளைப் பின்னணி, சிவப்பு முடி, மூடின கண்கள், முகத்துக்குக் குறுக்கே சிவப்பும் நீலமுமா ஒரு மின்னல். படம் எடுத்தவர் பிரையன் டஃபி, மேக்கப் பியர் லாரோஷ். அந்த மின்னல் எங்கிருந்து வந்தது தெரியுமா? ஸ்டுடியோவில் கிடந்த ஒரு ரைஸ் குக்கரின் சின்னத்தைப் பார்த்து வரைஞ்சதுன்னு சொல்வாங்க. சோறு வடிக்கிற பாத்திரத்துக்கு இப்படி ஒரு யோகம்!

வழக்கமான நாலு வண்ண அச்சுக்குப் பதில் ஏழு வண்ணத்தில் அச்சிட்டாங்க. அட்டைக்கே அவ்வளவு செலவு பண்ணிட்டா, போட்ட பணத்தை எடுக்கவாவது கம்பெனி நல்லா விளம்பரம் பண்ணும்னு மேனேஜர் போட்ட கணக்காம்.

கவனிக்க வேண்டிய இடம் இதுதான். அந்த மின்னல் அவருடைய மேடை வேஷம் இல்லை, படத்துக்காகப் போட்டது. அந்த வருஷத்து மேடைப் படங்களைப் பாருங்க, நெற்றி நடுவுல பொட்டு மாதிரி ஒரு வட்டம் இருக்கும். 1973 ஜூலையில் ஸிக்கி பாத்திரத்தையும் மேடையிலேயே முடிச்சுட்டார். அதுக்கப்புறம் முடி, உடை, இசைன்னு எத்தனையோ தடவை மாறினார்.

படம் மட்டும் மாறலை. அவர் பிறந்த பிரிக்ஸ்டனில் 2013-ல் சுவரோவியம் வரைஞ்சப்போ, வரைஞ்சது அந்த மின்னல் முகத்தைத்தான். 2016 ஜனவரியில் அவர் இறந்தப்போ ரசிகர்கள் பூ வெச்சதும் அந்தச் சுவர் முன்னாடிதான். அறுபத்தொன்பது வயசு மனுஷருக்கு, ஒரு நாள் ஸ்டுடியோவில் போட்ட மேக்கப்தான் கடைசி வரைக்கும் முகம்.

இப்போ உங்க கேள்விக்கு வர்றேன். கவசம், திருப்புகழ் பாடினா வேலையோ சுவாமி படத்தையோ வைங்க, பெயரைக் கீழே போடுங்க. நீங்களே எழுதி மெட்டுப் போட்ட பாட்டுன்னா தாராளமா உங்க முகம் வைக்கலாம். ஆனா ஃபில்டர் வேண்டாம். கோயில்ல எப்படி நின்னு பாடுறீங்களோ, அப்படியே எடுத்த படமா இருக்கட்டும்.