மணலில் புதையாத சக்கரம்: மாலதி ஹொல்லா சொல்லித்தரும் பாடம்

பழவேற்காட்டில் லைட்ஹவுஸ் குப்பம், கோட்டைக்குப்பம் போன்ற மீனவ கிராமத்துக்காரரா நீங்கள்? அப்படியென்றால் உங்களுக்கே தெரியும். சாதாரண சக்கர நாற்காலியை மணலில் தள்ளினால் முன்பக்கச் சின்னச் சக்கரம் உடனே புதைந்துவிடும். வீட்டு வாசலுக்கும் தார்ச்சாலைக்கும் நடுவே நூறு அடி மணல்தான். ஆனால் அதைத் தாண்ட முடியாமல் ஒரு பிள்ளையின் படிப்பே நின்றுபோகலாம். அந்த நூறு அடியைத் தாண்ட என்ன வழி?

யார் இந்த மாலதி?

மாலதி கிருஷ்ணமூர்த்தி ஹொல்லா 1958-ல் பெங்களூரில் பிறந்தவர். கைக்குழந்தையாக இருந்தபோது வந்த காய்ச்சலில் உடல் முழுவதும் செயலிழந்தது. நீண்ட சிகிச்சைக்குப் பிறகு இடுப்புக்கு மேல் பலம் திரும்பியது, கால்களுக்குத் திரும்பவில்லை. சிறுவயதில் சுமார் 15 ஆண்டுகள் அவர் இருந்தது நம்ம சென்னையில், ஓர் எலும்பு சிகிச்சை மையத்தில். அவருக்கு நடந்த அறுவை சிகிச்சைகள் 30-க்கும் மேல்.

அப்புறம் விளையாட்டுக்கு வந்தார். 1988-ல் தென்கொரியாவின் சியோலில் நடந்த பாராலிம்பிக்கில் இந்தியாவுக்காகக் கலந்துகொண்டார். 1989-ல் டென்மார்க்கில் நடந்த உலகப் போட்டியில் 200 மீட்டர் சக்கர நாற்காலி ஓட்டத்தோடு குண்டு, வட்டு, ஈட்டி எறிதலிலும் தங்கம் வென்றார். 1995-ல் அர்ஜுனா விருது, 2001-ல் பத்மஸ்ரீ. வங்கி வேலையும் பார்த்தார். நண்பர்களோடு சேர்ந்து ‘மாத்ரு’ அறக்கட்டளையைத் தொடங்கி, கிராமத்து மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்குத் தங்குமிடமும் படிப்பும் கிடைக்கச் செய்தார்.

இதில் நமக்கான பாடம் என்ன? மாலதிக்கு மன உறுதி இருந்தது, உண்மைதான். ஆனால் சிகிச்சை, பள்ளி, வேலை என்று ஒவ்வொரு கதவும் திறந்ததால்தான் அந்த உறுதி களத்துக்கு வந்து சேர்ந்தது. உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ அப்படி ஒருவர் இருந்தால், முதல் கதவை நீங்களே திறந்துவிடலாம்.

முதல் கதவு: யு.டி.ஐ.டி. அட்டை

இது நாடு முழுக்கச் செல்லும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை.

1. போனில் ‘ஸ்வாவ்லம்பன் கார்டு’ என்ற அரசு இணையதளத்தில் விண்ணப்பியுங்கள். சிரமமாக இருந்தால் பக்கத்து இ-சேவை மையத்துக்குப் போங்கள்.
2. ஆதார், போட்டோ, முகவரிச் சான்று தயாராக இருக்கட்டும்.
3. அரசு மருத்துவமனையில் மருத்துவர்கள் பரிசோதித்து, குறைபாடு எத்தனை சதவீதம் என்று பதிவு செய்வார்கள்.
4. விண்ணப்ப எண்ணைப் பத்திரமாக வையுங்கள். நிலவரத்தைப் போனிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

40 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால், 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உண்டு. உயர்கல்வியில் 5 சதவீதமும் அரசு வேலையில் 4 சதவீதமும் இட ஒதுக்கீடு உண்டு.

வண்டி ஊருக்குப் பொருந்தணும்

மாலதி போன்ற வீரர்கள் ஓட்டும் பந்தய நாற்காலிக்கு மூன்று சக்கரம். முன்சக்கரம் நீளமாகத் தள்ளி இருக்கும், கையுறை போட்டு வளையத்தைத் தட்டி ஓட்டுவார்கள். அது ஓடுதளத்துக்கான வண்டி. அதேபோல, உங்கள் ஊருக்கு எது ஓடும் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். திருவள்ளூர் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கும்போது “எங்க ஊர் முழுக்க மணல்” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சக்கர நாற்காலி, மூன்று சக்கர சைக்கிள், இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர் ஆகியவற்றில் எதற்குத் தகுதி, எது பொருந்தும் என்று கேளுங்கள்.

பாதையும் கேளுங்கள்

2022-ல் சென்னை மெரினாவில் மாற்றுத்திறனாளிகள் கடல் அருகே போக மரப்பாதை போட்டார்கள். புயலில் சேதமானபோது சரிசெய்தார்கள். மணலிலும் பாதை போட முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாட்களில் கூடும் கிராம சபையில், பள்ளிக்கும் படகுத்துறைக்கும் பாதை வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவரச் சொல்லுங்கள். மனு தேங்கினால் முதல்வரின் உதவி மையம் 1100-க்குப் போன் செய்யலாம். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலக மக்கள் குறைதீர் நாளிலும் மனு கொடுக்கலாம்.

இதைப் படித்ததும் தேவைப்படும் ஒரு குடும்பத்துக்கு அனுப்புங்கள். அவர்களிடம் ஸ்மார்ட்போன் இல்லையென்றால், உங்கள் போனிலேயே விண்ணப்பித்துக் கொடுங்கள்.